பியானோ கிரேடு 1: பீஸுக்கு அப்பால் இருக்கும் 60 மதிப்பெண்

தயார்செய்துகொண்டு போகும் மூன்று பீஸையும், அதாவது இசைத் துண்டுகளையும், ஒரு பிழைகூட இல்லாமல் வாசித்து, மூன்றிலும் முழு மதிப்பெண் வாங்கினாலும் ஏபிஆர்எஸ்எம் என்ற அமைப்பு நடத்தும் பியானோ கிரேடு 1 தேர்வில் பாஸ் ஆக முடியாது. பெற்றோரிடம் இதைச் சொன்னால் முதலில் நம்ப மாட்டார்கள். கணக்கைக் காகிதத்தில் எழுதிக் காட்டினால்தான் ஒப்புக்கொள்வார்கள். அதனால் இங்கேயும் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

மொத்தம் 150 மதிப்பெண். ஒரு பீஸுக்கு 30 வீதம் மூன்று பீஸுக்கு 90. ஸ்கேல் (சுரங்களை வரிசையாக ஏறி இறங்கி வாசிப்பது), ஆர்பெஜியோ (சுரங்களை இடைவிட்டு ஏறி இறங்குவது) இரண்டும் சேர்ந்து 21. சைட் ரீடிங், அதாவது முன்பு பார்க்காத இசையைப் பார்த்து வாசிப்பது, 21. ஆரல், அதாவது காதால் கேட்டுப் பாடுவதும் பதில் சொல்வதும், 18. பாஸ் ஆக 100 வேண்டும், மெரிட்டுக்கு 120, டிஸ்டிங்ஷனுக்கு 130. பீஸ்களில் முழுதாக 90 வாங்கினாலும் இன்னும் 10 குறைகிறது.

இன்னொரு பிள்ளையை எடுத்துக்கொள்வோம். பீஸ்களை நன்றாக வாசிக்கிறாள், ஒவ்வொன்றிலும் 24. ஆக 72. மற்ற மூன்றையும் கடைசி இரண்டு வாரத்தில்தான் தொட்டாள் என்றால் ஸ்கேலில் 10, சைட் ரீடிங்கில் 10, ஆரலில் 8 என்று வரலாம். மொத்தம் சரியாக 100. மயிரிழையில் பாஸ். அதே பிள்ளை ஆரம்பத்திலிருந்தே அந்த மூன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகி 17, 17, 15 வாங்கியிருந்தால் மொத்தம் 121, அதாவது மெரிட். பீஸ் வாசிப்பில் ஒரு மாற்றமும் இல்லை. பயிற்சி நேரத்தைப் பிரித்துக்கொண்ட விதம்தான் மாறியிருக்கிறது.

இந்த வழிகாட்டி முழுக்க அந்த 60 மதிப்பெண்ணைச் சுற்றித்தான் வரும். பீஸைப் பற்றி ஆசிரியர்கள் எப்படியும் நிறையச் சொல்லிக்கொடுப்பார்கள்.

முதலில் எந்தத் தேர்வு, எந்தக் கருவி

ஏபிஆர்எஸ்எம் 1889-ல் தொடங்கப்பட்ட பிரிட்டிஷ் தேர்வு அமைப்பு. நம் ஊரில் அதற்கு இணையாகப் பேசப்படும் இன்னொன்று டிரினிட்டி காலேஜ் லண்டன். இரண்டிலும் கிரேடு 1 முதல் 8 வரை உண்டு. கிரேடு 1-க்கு முன்னால் இனிஷியல் என்று ஒரு படியும் இருக்கிறது. வயது வரம்பு கிடையாது. இனிஷியல் எழுதாமல் நேராகக் கிரேடு 1-க்குப் போகலாம்.

டிரினிட்டியின் நேரடித் தேர்வில் மதிப்பெண் பிரிப்பு வேறு. மொத்தம் 100. மூன்று பீஸுக்குத் தலா 22, ஸ்கேலும் விரல் பயிற்சிகளும் வரும் டெக்னிக்கல் வொர்க் என்ற பகுதிக்கு 14, துணைத் தேர்வுகள் இரண்டுக்குத் தலா 10. அந்தத் துணைத் தேர்வுகளை சைட் ரீடிங், ஆரல், இம்ப்ரொவைசேஷன் (அப்போதே கற்பனையாக வாசிப்பது), இசை அறிவு என்ற நான்கிலிருந்து மாணவரே தேர்ந்தெடுக்கலாம். பாஸ் 60, மெரிட் 75, டிஸ்டிங்ஷன் 87. கேட்ட மெட்டைப் பாடச் சொன்னால் வாயே திறக்காத பிள்ளை, ஆனால் இசைக் குறியீடுகளின் பொருளைக் கேட்டால் தெளிவாகப் பதில் சொல்லும் பிள்ளை என்றால் டிரினிட்டி பொருத்தமாக இருக்கும்.

அடுத்தது கருவி. இதைத் தெளிவாகச் சொல்லியே ஆக வேண்டும். 'பியானோ கிளாஸ்' என்று சேர்ந்து, வீட்டில் 61 கட்டை கீபோர்டில் பயிற்சி செய்யும் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பியானோவும் எலக்ட்ரானிக் கீபோர்டும் தேர்வைப் பொறுத்தவரை இரண்டு வெவ்வேறு கருவிகள். டிரினிட்டியில் கீபோர்டுக்கென்றே தனிப் பாடத்திட்டம் உண்டு. அதில் வலக்கை மெட்டை வாசிக்கும், இடக்கை கார்டு (ஒரே நேரத்தில் பல சுரங்கள்) பிடிக்கும், பின்னணியில் கீபோர்டின் ஸ்டைல் (தானியங்கித் தாளமும் பக்கவாத்தியமும்) ஓடும். எந்த இடத்தில் வாய்ஸை, அதாவது எந்தக் கருவியின் ஒலி என்பதை, மாற்றுவது என்பதும் வாசிப்பின் பகுதி. பியானோ தேர்வில் இதெல்லாம் இல்லை. சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் விரலின் அழுத்தத்தில்தான்.

எனவே பியானோ தேர்வுக்குப் போகும் பிள்ளைக்கு வீட்டில் கனமான கட்டைகள் உள்ள டிஜிட்டல் பியானோவாவது இருக்க வேண்டும். விலைக்குத் தயங்கும் குடும்பங்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: இப்போதைக்கு வாங்க முடியாவிட்டால் கீபோர்டு தேர்வுக்கே பதிவு செய்யுங்கள், அதில் ஒரு குறைவும் இல்லை. லேசான கட்டையில் ஆறு மாதம் பழகிய விரல்கள் தேர்வறையில் உண்மையான பியானோவின் முன் உட்காரும்போது பாதிச் சத்தம்தான் எழுப்பும். பிள்ளை பயந்துபோய்விடும். அந்த நிலைக்கு யாரையும் தள்ள வேண்டாம்.

இன்னொரு தேர்வும் இருக்கிறது. 2020-ல் ஏபிஆர்எஸ்எம் பெர்ஃபார்மன்ஸ் கிரேடு என்ற வகையைக் கொண்டுவந்தது. நான்கு பீஸ்களை இடையில் நிறுத்தாமல், ஒரே தொடர்ச்சியாக வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். வெட்டி ஒட்டக் கூடாது. ஒவ்வொரு பீஸுக்கும் 30, முழு நிகழ்ச்சியும் எப்படி அமைந்தது என்பதற்கு இன்னொரு 30. ஸ்கேல், சைட் ரீடிங், ஆரல் எதுவும் கிடையாது. தேர்வு மையம் தொலைவில் இருப்பவர்களுக்கு நல்ல வழி. ஆனாலும் முதல் தேர்வு என்றால் நான் நேரடித் தேர்வைத்தான் பரிந்துரைப்பேன். காதும் கண்ணும் பழக வேண்டிய வயதில் அவற்றைத் தள்ளிப்போட்டால், கிரேடு 4, 5-ல் புதிய பீஸைத் தானாகப் படிக்கத் தெரியாமல் பிள்ளை தடுமாறும்.

இனி வருவதெல்லாம் ஏபிஆர்எஸ்எம் நேரடித் தேர்வைப் பற்றியது.

பீஸ் தேர்ந்தெடுப்பது

ஏ, பி, சி என்று மூன்று பட்டியல்கள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பீஸ். ஏ பட்டியலில் பெரும்பாலும் விரல்கள் சுறுசுறுப்பாக ஓட வேண்டியவை, பி-யில் பாடுவதுபோல் இழைய வேண்டியவை, சி-யில் பலவகைப் பாணிகள். தேர்வுப் புத்தகத்தில் ஒவ்வொரு பட்டியலிலிருந்தும் சில பீஸ்கள் இருக்கும். பாடத்திட்டத்தில் இன்னும் பல இருக்கின்றன, அவற்றைத் தனியாக வாங்கிக்கொள்ளலாம். பாடத்திட்டம் அவ்வப்போது மாறும். அண்ணன் வாசித்த பழைய புத்தகத்தை எடுத்துக்கொள்ளும் முன் அட்டையில் உள்ள ஆண்டைப் பாருங்கள். நகலெடுத்த தாளைத் தேர்வறைக்குக் கொண்டுபோகக் கூடாது, சொந்தப் பிரதி வேண்டும்.

புத்தகத்தில் உள்ள எல்லாவற்றையும் ஆசிரியர் வாசித்துக் காட்டட்டும், அல்லது பதிவுகளைக் கேளுங்கள். பிறகு பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். ஐந்து ஆறு மாதம் தினமும் அதனோடு வாழப்போவது பிள்ளைதான். ஆசிரியருக்குப் பிடித்ததற்காக எடுத்த பீஸ் மூன்றாவது மாதத்தில் சலித்துப்போனால் மீட்பது கஷ்டம். ஆனால் ஒரு நிபந்தனை: மூன்றும் ஒரே குணத்தில் இருக்க வேண்டாம். மூன்றும் வேகமாக இருந்தால் மெதுவான இசையை எப்படி நடத்துவது என்று பிள்ளை கற்றுக்கொள்ளவே மாட்டாள்.

இந்தக் கிரேடில் இருவர் சேர்ந்து வாசிக்கும் டூயட்டும் பட்டியலில் உண்டு, மூன்றில் ஒன்றாக அதை எடுக்கலாம். தனியாக வாசிக்கக் கூச்சப்படும் பிள்ளைக்கு அது தைரியம் தரும்.

தேர்வாளர் சுருதி, தாளம், ஒலியின் தரம், இசையின் வடிவம், நிகழ்த்தும் விதம் என்று ஐந்து கோணத்தில் கேட்கிறார். 20-ஐ மனத்தில் வைத்து, நன்றாக இருந்தால் ஏற்றுவார், குறை இருந்தால் இறக்குவார். ஒரு தவறான சுரத்துக்கு இவ்வளவு என்று கழிப்பதில்லை. இதைப் பிள்ளைக்குச் சொல்லிவிட வேண்டும். தவறியதும் நின்று, முதலிலிருந்து தொடங்கும் பழக்கம் ஒரு தவறான சுரத்தைவிட அதிகக் கேடு செய்கிறது, ஏனென்றால் அது தாளத்தையும் வடிவத்தையும் சேர்த்து உடைக்கிறது. மனப்பாடமாக வாசிக்க வேண்டிய கட்டாயமில்லை, புத்தகத்தைப் பார்த்தே வாசிக்கலாம்.

ஸ்கேல்

ஸ்கேலும் ஆர்பெஜியோவும் மட்டும் மனப்பாடமாக வாசிக்க வேண்டும். பாடத்திட்டத்தில் எந்தெந்த ஸ்கேல், எத்தனை ஆக்டேவ் (ச முதல் மேல் ச வரை ஒன்று), இரு கையும் சேர்த்தா தனித்தனியா என்று பட்டியல் இருக்கும். அதைப் படியெடுத்து பியானோவுக்கு மேலே ஒட்டிவிடுங்கள். தேர்வாளர் எல்லாவற்றையும் கேட்க மாட்டார், சிலவற்றைத்தான் கேட்பார். எவை என்று முன்கூட்டித் தெரியாது.

விரல் வரிசைதான் இதில் எல்லாமே. கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5. சி மேஜரில் வலக்கை மேலே போகும்போது 1 2 3 1 2 3 4 5. இடக்கை 5 4 3 2 1 3 2 1. ஜி மேஜருக்கும் இதே விரல்கள்தான், எஃப் ஷார்ப் என்ற கறுப்புக் கட்டை மட்டும் சேரும். எஃப் மேஜரில் வலக்கை மாறும்: 1 2 3 4 1 2 3 4. பி ஃபிளாட் என்ற கறுப்புக் கட்டையில் நான்காம் விரல் விழ வேண்டும் என்பதற்காக இப்படி. முதல் வாரத்திலேயே இந்த வித்தியாசத்தை விரலில் ஏற்றாவிட்டால் அப்புறம் பிரித்தெடுப்பது பெரும்பாடு.

இரு கையும் எதிரெதிர்த் திசையில் போகும் ஸ்கேலைப் பார்த்துப் பிள்ளைகள் மிரள்வார்கள். உண்மையில் அதுதான் சுலபமானது. சி மேஜரில் இரண்டு கட்டைவிரலையும் நடு சி-யில் வைத்துத் தொடங்கினால், ஒவ்வொரு கணமும் இரண்டு கையிலும் ஒரே எண்ணுள்ள விரல்தான் விழும். கண்ணாடியில் பார்ப்பதுபோல. நான் சில பிள்ளைகளுக்கு இரு கை ஸ்கேலையே இதிலிருந்துதான் தொடங்குகிறேன்.

கர்நாடக சங்கீதம் கொஞ்சம் தெரிந்த வீடு என்றால் ஒரு நல்ல குறுக்குவழி இருக்கிறது. மேஜர் ஸ்கேல் நமக்குச் சங்கராபரணம். மைனரில் நேச்சுரல் நடபைரவி, ஹார்மோனிக் கீரவாணி, மெலோடிக் மேலே ஏறும்போது கௌரிமனோகரி. மைனரில் எந்த வடிவத்தை வாசிப்பது என்பதை இந்தக் கிரேடில் மாணவரே தேர்ந்தெடுக்கலாம். கீரவாணி காதில் ஏற்கனவே ஒலிக்கும் பிள்ளைக்கு ஹார்மோனிக் மைனரில் எந்தக் கட்டை உயரும் என்று சொல்லிக்கொடுக்கவே வேண்டாம், தவறினால் காதே திருத்திவிடும்.

வேகத்துக்கு ஆசைப்பட வேண்டாம். ஒரே சீராக, தடுக்காமல் வர வேண்டும். கட்டைவிரல் அடியில் நுழையும் இடத்தில் 'டொக்' என்று ஓர் அழுத்தம் கேட்கும், அதைத் தேய்த்து நீக்குவதற்குத்தான் மெதுவான பயிற்சி.

சைட் ரீடிங்

பிள்ளைகள் மிக அதிகமாகப் பயப்படுவதும், மிகக் குறைவாகப் பழகுவதும் இதுதான். இதுவரை பார்க்காத ஒரு சிறிய இசைப் பகுதியைத் தேர்வாளர் தருவார். பார்த்துக்கொள்ள, வேண்டுமானால் வாசித்துப் பார்த்துக்கொள்ள, அரை நிமிடம் கிடைக்கும். பிறகு வாசிக்க வேண்டும். கிரேடு 1-ல் அது 3/4 அல்லது 4/4 தாளம் என்றால் நான்கு பார் (ஒரு பார் என்பது தாளத்தின் ஒரு சுற்று), 2/4 என்றால் ஆறு பார். இரண்டு கையும் ஒரே நேரத்தில் வராது, கை மாறி மாறித்தான் வரும். ஒவ்வொரு கையும் ஐந்து கட்டைகளுக்கு மேலே நகராது. இவ்வளவுதான்.

அந்த அரை நிமிடத்தில் என்ன செய்வது என்பதை ஒரு சடங்குபோலப் பழக்கிவிட வேண்டும். என் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் வரிசை இது. முதலில் கீ சிக்னேச்சர், அதாவது வரியின் தொடக்கத்தில் உள்ள குறி: ஷார்ப், ஃபிளாட் உண்டா, எந்தக் கட்டை? அடுத்து எத்தனை எண்ணிக்கை? எந்தக் கை தொடங்குகிறது, எந்த விரலில்? இரண்டு கையையும் அந்தந்த இடத்தில் வைத்துவிடு, இனிமேல் எடுக்காதே. பிறகு தாளத்தை மட்டும் மெல்லிய குரலில் சொல்லிப் பார். மிச்ச நேரத்தில் சிக்கலாகத் தெரியும் பாரை வாசித்துப் பார். முதல் பாரிலிருந்து வரிசையாக வாசிக்கத் தொடங்கும் பிள்ளைக்கு நேரம் பாதியில் தீர்ந்துவிடும், கடைசிப் பாரை அது பார்த்தே இருக்காது.

வாசிக்கும்போது ஒரே விதி: நிற்காதே, திருத்தாதே. சுரம் தவறினாலும் எண்ணிக்கை ஓடிக்கொண்டே இருக்கட்டும். மிக மெதுவாகத் தொடங்கினால் பாதிப் பிழை தானே குறையும்.

வீட்டில் செய்ய வேண்டியது தினமும் ஒரே ஒரு புதிய பகுதி. ஒரு முறை வாசித்ததை மறுநாள் தொடக் கூடாது, தெரிந்த பிறகு அது சைட் ரீடிங் இல்லை. அதனால் எளிமையான புத்தகங்கள் நிறைய வேண்டும். பழைய ஆரம்பநிலைப் புத்தகங்களை மாணவர்கள் தங்களுக்குள் மாற்றிக்கொண்டால் செலவே இல்லை. பக்கத்தில் அம்மாவோ அப்பாவோ உட்கார்ந்து, அடுத்து வர வேண்டிய பாரைத் தவிர மற்றதைச் சிறு அட்டையால் மறைத்துக்கொண்டே வந்தால், கண் முன்னால் ஓடும் பழக்கம் வரும். இதற்கு அவர்களுக்கு இசை தெரிந்திருக்க வேண்டியதில்லை.

இன்னொரு செய்தி பயந்த பிள்ளைக்கு உதவும். முயன்று வாசித்தாலே குறைந்தது 7 மதிப்பெண் உண்டு. வாசிக்கவே மாட்டேன் என்றால்தான் பூஜ்யம். 14 வந்தால் அந்தப் பகுதியின் பாஸ் அளவு. ஒரு பகுதியில் பாஸ் அளவைத் தொடாவிட்டாலும் மொத்தம் 100 வந்தால் தேர்வு பாஸ்தான்.

ஆரல்

தேர்வாளர் பியானோவில் வாசிப்பார், பிள்ளை கேட்டுச் செய்ய வேண்டும். நான்கு பகுதிகள்.

முதலாவது, அவர் வாசிக்கத் தொடங்கியதும் கூடவே கை தட்ட வேண்டும். பலமான அடியில் கொஞ்சம் அழுத்தித் தட்டி, அது இரண்டின் கணக்கா மூன்றின் கணக்கா என்று சொல்ல வேண்டும். நமக்கு இது கஷ்டமே இல்லை. 'தகிட தகிட' என்று உட்காருகிறதா, 'தக தக' என்று உட்காருகிறதா என்று மனத்துக்குள் சொல்லிப் பார்த்தால் போதும். வீட்டிலும் காரிலும் எந்தப் பாட்டு ஓடினாலும் இதை விளையாட்டாகக் கேட்கலாம்.

இரண்டாவது, இரண்டு பார் நீளமுள்ள மூன்று சிறு மெட்டுகளை ஒவ்வொன்றாக வாசிப்பார், ஒவ்வொன்றையும் உடனே எதிரொலிபோலப் பாட வேண்டும். மேஜர் ஸ்கேலின் முதல் மூன்று சுரங்களுக்குள்தான் இருக்கும். சங்கராபரணத்தில் ச, ரி, க. அவ்வளவே. குரல் இனிமையைப் பார்ப்பதில்லை, சுருதி சரியா என்றுதான் பார்க்கிறார்கள். 'லா' என்று பாடலாம், முனகலாம். பாட வெட்கப்படும் பிள்ளைக்கு, குறிப்பாகக் குரல் உடையும் வயதில் உள்ள பையன்களுக்கு, இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். இடைவெளி விடாமல், தாளத்திலேயே பதில் பாட வேண்டும் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

மூன்றாவது, இரண்டு பார் மெட்டு ஒன்றை இரண்டு முறை வாசிப்பார். இரண்டாம் முறை ஒரு சுரம் மாறியிருக்கும். மாற்றம் தொடக்கத்தின் பக்கமா முடிவின் பக்கமா என்று சொன்னால் போதும், எந்தச் சுரம் என்று சொல்ல வேண்டாம். முதல் முறை கேட்கும்போதே மனத்துக்குள் கூடவே பாடும் பழக்கம் இருந்தால் மாறிய இடம் முள்ளாகக் குத்தும்.

நான்காவது, ஒரு பீஸை வாசித்துவிட்டு இரண்டு கேள்வி. சத்தத்தைப் பற்றி ஒன்று: எங்கே பலமாக, எங்கே மென்மையாக, மாற்றம் திடீரென்றா படிப்படியாகவா? இன்னொன்று, சுரங்கள் இழைந்து வந்தனவா, விட்டுவிட்டு வந்தனவா? ஒரே வார்த்தையில் பதில் சொல்லும் பிள்ளைகள்தான் அதிகம். "மெதுவாகத் தொடங்கி, நடுவில் படிப்படியாகப் பலமாகி, கடைசியில் திடீரென்று மென்மையானது" என்று ஒரு முழு வாக்கியமாகச் சொல்லப் பழக்குங்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. தமிழில் 'மெதுவாக' என்பது வேகத்துக்கும் சொல்வோம், சத்தத்துக்கும் சொல்வோம். தேர்வு ஆங்கிலத்தில் நடக்கும். சாஃப்ட் என்பதற்குப் பதில் ஸ்லோ என்று சொல்லிவிடுகிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன், காது சரியாகத்தான் கேட்டிருக்கும். லவுட், சாஃப்ட், ஸ்மூத், டிடாச்டு, சடன், கிராஜுவல் என்ற ஆறு சொற்களை வாய்க்குப் பழக்கிவிட்டால் போதும்.

எத்தனை நாள், தினமும் எவ்வளவு

கிரேடு 1-க்கு வகுப்பும் வீட்டுப் பயிற்சியும் சேர்த்து மொத்தம் 60 மணி நேரம் என்று ஏபிஆர்எஸ்எம்மே கணக்கு வைத்திருக்கிறது. அடிப்படை ஏற்கனவே தெரிந்த பிள்ளை தினமும் 20 நிமிடம் உட்கார்ந்தால் 180 நாள், ஆறு மாதம். என் அனுபவத்திலும் ஏறக்குறைய அப்படித்தான். புதிதாகத் தொடங்கும் பிள்ளை என்றால் அதற்கு முன் ஒரு வருடமாவது சுதந்திரமாக வாசித்துப் பழகட்டும்.

அந்த 20 நிமிடத்தை நான் இப்படிப் பிரிக்கச் சொல்வேன்: ஸ்கேல் 4 நிமிடம், சைட் ரீடிங் 3, ஆரல் 3, பீஸ் 10. பீஸ் கடைசியில் வருவது வேண்டுமென்றேதான். பீஸை முதலில் வைத்தால் மற்றவை நாளைக்கு என்று தள்ளிப்போகும். ஆரலுக்கு ஆள் இல்லாத வீட்டில், பிள்ளையே மூன்று சுரங்களைக் கட்டையில் தட்டித் தானே பாடிப் பார்க்கலாம்.

பீஸைப் பொறுத்தவரை தேர்வுக்கு ஆறு வாரம் முன்பே மூன்றும் முழுதாக ஓட வேண்டும். அதன் பிறகு வாரம் ஒருமுறை, பக்கத்து வீட்டாரையோ தாத்தா பாட்டியையோ உட்கார வைத்து முழுத் தேர்வையும் ஓட்டிப் பாருங்கள். யாரோ ஒருவர் கவனித்துக் கேட்கிறார் என்றாலே விரல் வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

தேர்வு நாள்

தேர்வு 12 நிமிடம். அறைக்குள் பெற்றோர் போக முடியாது. பெரும்பாலும் ஒரே ஒரு தேர்வாளர்தான் இருப்பார். எழுதிக்கொண்டே இருப்பார், அது எல்லோருக்கும் நடப்பது, தவறு கண்டுபிடித்து எழுதுகிறார் என்று பிள்ளை நினைக்க வேண்டாம். முதலில் இருக்கையின் உயரத்தைச் சரிசெய்துகொள்ளலாம், பியானோவைக் கொஞ்சம் தொட்டுப் பார்க்கலாம். அந்தச் சில விநாடியைக் கூச்சத்தில் விட்டுவிடாமல், சத்தமாக ஒன்று, மென்மையாக ஒன்று வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கட்டை எவ்வளவு கனம் என்று தெரிந்துவிடும்.

எந்தப் பகுதியை முதலில் செய்வது என்பது மாணவரின் விருப்பம். பதற்றமான பிள்ளைக்கு ஸ்கேலில் தொடங்குவது நல்லது, விரல் சூடாகும். பீஸ்களின் வரிசையையும் முன்பே முடிவு செய்துவிடுங்கள், மிகவும் பிடித்தது முதலில்.

காலையில் வீட்டில் மூன்று பீஸையும் மெதுவாக ஒரு முறை வாசித்தால் போதும். ஏதாவது தவறினால் விட்டுவிடுங்கள், அன்று திருத்த உட்கார வேண்டாம். வழியில் கடைசி நேர அறிவுரையும் வேண்டாம். வெளியே வந்ததும் "எல்லாம் சரியா வாசிச்சியா?" என்று கேட்பதற்குப் பதில் பசிக்கிறதா என்று கேளுங்கள்.

பிறகு மதிப்பெண் தாள் வரும். ஒவ்வொரு பகுதிக்கும் தேர்வாளரின் குறிப்பு எழுதியிருக்கும். மொத்தத்தைப் பார்த்துவிட்டு உள்ளே வைத்துவிடாமல், சைட் ரீடிங்கிலும் ஆரலிலும் என்ன எழுதியிருக்கிறது என்று பிள்ளையோடு உட்கார்ந்து படியுங்கள். கிரேடு 2-லும் இதே பிரிவுகள், இதே மதிப்பெண்கள்தான். அந்தத் தாளை அடுத்த பாடத்திட்டப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒட்டி வைத்துவிட்டு, ஒரு மாதம் எந்தப் பட்டியலிலும் இல்லாத, பிள்ளை ஆசைப்படும் பாட்டை வாசிக்க விடுங்கள்.